டிரைவர் தூங்கினாரா?

மே மாத வெள்ளிக்கிழமை ஒன்றின் பின்னிரவில் மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தால், தமிழ்நாடே ஊட்டிக்குக் கிளம்பிவிட்டது போல இருக்கும். சென்னை, விழுப்புரம், மதுரை, தென்காசி என்று எல்லா ஊர்ப் பதிவெண்களும் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும். போர்வைக்குள் சுருண்ட குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் கழிப்பறை தேடுவார்கள். டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டே இருக்கும். இத்தனை சந்தடிக்கும் நடுவே, ஒரு டூரிஸ்ட் வேனின் முன்சீட்டில் டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து ஐந்து நிமிடம் கண்ணயர்ந்திருப்பார். முந்தின நாள் மாலை புறப்பட்டு இரவெல்லாம் ஓட்டி வந்தவர் அவர். மலைப்பாதை இனிமேல்தான் ஆரம்பம்.

விடுமுறைப் பயணத்துக்கு நம் குடும்பங்கள் செய்யும் ஏற்பாடு கொஞ்சநஞ்சமல்ல. புளியோதரை கட்டுவார்கள், ஸ்வெட்டர் எடுத்துவைப்பார்கள், மாத்திரை டப்பாவை இரண்டு முறை சரிபார்ப்பார்கள், வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அத்தனை பேரின் உயிரையும் கையில் வைத்திருக்கும் மனிதரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுவார்கள்: “அண்ணே, நேத்து பகல்ல தூங்கினீங்களா?”

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,000-க்கும் அதிகம். சுற்றுலா என்றதும் மனம் பாம்பையும் யானையையும் நினைத்துப் பயப்படுகிறது. உண்மையில் ஒரு பயணத்தின் மிக ஆபத்தான பகுதி, போய்ச் சேர்வதும் திரும்பி வருவதும்தான்.

உடம்புக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு 2 மணியிலிருந்து விடியற்காலை 6 மணி வரை அது தூக்கத்தை வற்புறுத்தும். பகல் உணவுக்குப் பின் இன்னொரு முறை இலேசாக இழுக்கும். டீயோ, முகத்தில் தண்ணீரோ, சத்தமான பாட்டோ இதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், தடுத்துவிட முடியாது. தூக்கம் முற்றும்போது, கண் திறந்திருக்கையிலேயே மூளை சில நொடிகள் அணைந்து எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நான்கு நொடியில் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓடிவிடும். அந்த 90 மீட்டருக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றே அர்த்தம்.

சட்டம் இதை வெகுகாலம் முன்பே யோசித்துவிட்டது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலையை நாளுக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்தது. 5 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றது. சென்னையிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 550 கிலோமீட்டர். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, காலையில் தாவரவியல் பூங்கா, மத்தியானம் படகு இல்லம், சாயங்காலம் தொட்டபெட்டா என்று போடப்படும் திட்டத்தில் அந்த 8 மணி நேரமும் அரை மணி ஓய்வும் எங்கே உட்காரும்?

தங்குமிடம் போய்ச் சேர்ந்தாலும் டிரைவருக்கு இடமில்லாத நிலைதான் பல காலம் நீடித்தது. குடும்பம் கட்டிலில் படுக்கும், அவர் வண்டிக்குள் சீட்டை மடக்கிக்கொண்டு, கொசுவும் குளிருமாக இரவைக் கழிப்பார். 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் தங்கும் விடுதிகளும் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையோடு கூடிய தங்கும் அறை கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல விதி. அறை முன்பதிவு செய்பவர்கள், வெந்நீர் உண்டா, வைஃபை உண்டா என்று கேட்கும் அதே மூச்சில் “டிரைவர் படுக்க இடம் இருக்கா?” என்றும் கேட்கத் தொடங்கினால் அது நடைமுறைக்கும் வந்துவிடும்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அலுவலகத்தில் முழு நாள் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும் அப்பாவுக்கு ஓய்வு கேட்டுத்தரச் சட்டம்கூட இல்லை. நெடும்பயணத்துக்கு ஒரு ஆக்டிங் டிரைவரை அமர்த்திக்கொள்வது, அல்லது வழியில் சேலத்திலோ ஈரோட்டிலோ ஓர் இரவு தங்கிவிட்டு வெளிச்சத்தில் மலையேறுவது, இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஓர் அறை வாடகை கூடும், ஒரு பார்க்குமிடம் குறையும்.

ஏறிய கியரில் இறங்கு

மலைப்பாதை ஓட்டுநர்களிடம் ஒரு பாலபாடம் உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு.

சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர்கள் இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இறக்கத்தில் வண்டி தானாகவே வேகமெடுக்கும். அதை பிரேக்கால் மட்டுமே பிடித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடேறும். சூடேறச் சூடேற அதன் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டால், மிதியை அடிவரை அழுத்தினாலும் சக்கரம் நிற்காது. முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டி வருவதும், இன்ஜினை அணைத்துவிட்டு இறக்குவதும் இந்தப் பிடிமானத்தை அறுத்துவிடும். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும். கருகும் வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் செங்குத்தான இறக்கம். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சென்ற ஏழு பேரின் கார் அந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. அது விழுந்ததே யாருக்கும் தெரியவில்லை. விடுதிக்குத் திரும்பவில்லை என்று தேடத் தொடங்கி, இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது ஐந்து பேர் இறந்திருந்தார்கள், இருவர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதன் பின் வெளியூர் வண்டிகள் அந்த வழியாகக் கீழே இறங்கத் தடை விதிக்கப்பட்டது. தடையைத் தொந்தரவாக நினைத்து வேறு குறுக்கு வழி தேடுகிறவர்கள், அது எப்படி வந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் இதில் இருக்கிறது. இன்று எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதிக்காரரிடமோ ஊரிலிருக்கும் உறவினரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், தேட வேண்டிய இடமாவது தெரியும். மலையில் செல்போன் சிக்னல் எல்லா வளைவிலும் கிடைக்காது.

2023 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை, தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து ஊட்டிக்கு வந்துவிட்டுத் திரும்பிய சுற்றுலாப் பேருந்து குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே கவிழ்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஊர் சுற்றிப் பார்த்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கிளம்பியவர்கள். திரும்பும் நாளில்தான் எல்லோரும் களைத்திருப்பார்கள், எல்லோருக்கும் அவசரம் இருக்கும், பொழுதும் சாய்ந்திருக்கும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் அந்தக் கோடைக்கான எண்ணிக்கையையும் நீதிமன்றமே வரையறுத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இது மலைக்காகப் போடப்பட்ட கட்டுப்பாடு என்றாலும் பயணிக்கும் நன்மைதான். பத்து கிலோமீட்டர் நெரிசலில் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

விபத்தே நடந்துவிட்டால் கையில் பணம் இருக்கிறதா என்று யோசித்து நிற்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் எவருக்கும், வேறு மாநிலத்தவரானாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரை மருத்துவமனையோ போலீசோ பிடித்து வைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமே அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 108-ஐ அழைத்து, முன்னால் இருக்கும் கிலோமீட்டர் கல்லையோ வளைவு எண்ணையோ சொன்னால் போதும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு பயன்.

குளிருக்கு மூட்டிய கரி

மலையில் வண்டியைவிட்டு இறங்கி அறைக்குள் போன பிறகும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு வந்து தங்கிய திருச்சி நண்பர்கள் நால்வர், இரவில் கரி அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். கனன்றுகொண்டிருந்த அடுப்பு அறைக்குள் இருந்தது. கதவும் சன்னலும் குளிருக்காக அடைபட்டிருந்தன. காலையில் இருவர் எழுந்திருக்கவில்லை.

கரி முழுதாக எரியாமல் கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளிவரும். இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இந்த வாயு, உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டேயிருக்கும், உடம்புக்குள் உயிர்வாயு போகாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு அசதி. மலையேறி வந்த களைப்பு என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அதுதான் வினையாகிறது. புகை தெரியாததால் ‘தணல் அணைந்துவிட்டது’ என்றும் நம்பிவிடுகிறார்கள். சாம்பல் பூத்த கரியும் மணிக்கணக்கில் இந்த வாயுவைக் கக்கும்.

கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, மூணாறு எங்கே போனாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கரி அடுப்பு திறந்தவெளியில் மட்டும். அறைக்குள், கூடாரத்துக்குள், வண்டிக்குள் ஒருபோதும் இல்லை. குளிர்கிறதென்றால் விடுதியில் இன்னொரு கம்பளி கேட்டால் தருவார்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்றுப்போக்கி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளிக்க வேண்டும். அதே வாயு அங்கேயும் வரும். ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், அந்த நொடியே எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

தண்ணீர் கலங்கினால்

2024 மே 17. பழைய குற்றாலத்தில் கோடைக் குளியலுக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. சற்று நேரத்தில் அருவியில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து இறங்கியது. ஓடித் தப்பியவர்கள் போக, திருநெல்வேலியிலிருந்து வந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

அருவிக்கு முன்னால் நிற்பவரின் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே, கண்ணுக்குத் தெரியாத மலை மடிப்புகளில் பெய்தால் போதும், அந்தத் தண்ணீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். குற்றாலத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அதன் அறிகுறிகள் அத்துபடி. தெளிந்திருந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சலின் தன்மை மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். போலீஸ்காரர் விசில் ஊதினால் ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்று பேரம் பேசக் கூடாது.

ஆறு இதைவிட மோசம், ஏனென்றால் அது அமைதியாகத் தெரியும். மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் முழங்கால் அளவே ஓடும் தண்ணீர், மேலே பில்லூர் அணையில் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் கழுத்துக்கு ஏறும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். இடுப்பளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் ஆள் மூழ்கும் ஆழத்தில் இருப்பார்.

2022 அக்டோபர் 3-ஆம் தேதி, தூத்துக்குடிப் பகுதியிலிருந்து தஞ்சாவூர் மாவட்டத்தின் பூண்டி மாதா பேராலயத்துக்கு வந்திருந்தவர்களில் ஆறு பேர் கொள்ளிடத்தில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார்கள். நீரில் மூழ்கும் செய்திகளில் எண்ணிக்கை ஒன்றோடு நிற்காததைப் பலரும் கவனித்திருப்பார்கள். ஒருவர் தத்தளிப்பார், காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை இறுகப் பற்றுவார். அது அவருடைய குற்றமில்லை, உயிரின் இயல்பு. நீச்சல் தெரிந்தவரைக்கூட அந்தப் பிடி அமுக்கிவிடும்.

அப்படியானால் கரையில் இருப்பவர் என்னதான் செய்வது? பெரம்பலூர் மாவட்டத்தின் மூன்று கிராமத்துப் பெண்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் கொட்டரை நீர்த்தேக்கத்தில் துணி துவைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள் அவர்கள். குளிக்க வந்த வெளியூர் இளைஞர்களிடம், தண்ணீர் ஆழமாக இருக்கிறது, இறங்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். சற்று நேரத்தில் நான்கு பேர் ஆழத்தில் விழுந்து தத்தளித்தார்கள். மூவரும் ஒரு கணமும் யோசிக்காமல் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி, அவற்றைப் பிடித்த இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். மற்ற இருவர் கைக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

அவர்கள் செய்ததில் இரண்டு பாடம் இருக்கிறது. தண்ணீரின் ஆழம் அந்த ஊர்க்காரருக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. எட்டிப் பிடிக்க ஏதாவது ஒன்றை வீசுவதே காப்பாற்றும் வழி. சேலை, வேட்டி, துப்பட்டா, கயிறு, மூடிய காலிக் குடம், நீளமான மரக்கிளை எதுவானாலும் சரி. வீசுகிறவர் குப்புறப் படுத்துக்கொண்டோ பின்னாலிருப்பவர் அவரைப் பிடித்துக்கொண்டோ இழுத்தால் கால் வழுக்காது.

படகுச் சவாரிக்கும் ஒரு சொல். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையோரம் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள், ஏற்கெனவே நிலையற்றிருந்த படகு சாய்ந்தது. யாரும் உயிர்காக்கும் அங்கி அணிந்திருக்கவில்லை. இன்று பெரும்பாலான படகுத்துறைகளில் அங்கி தருகிறார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுப்பதில் பயனில்லை. பக்கிளை மாட்டி இறுக்கியிருக்க வேண்டும், குழந்தைக்குக் குழந்தை அளவு அங்கி கேட்டு வாங்க வேண்டும். இல்லை என்றால் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

கடலில் அலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், அலை உடையாத இடத்தைப் பார்த்து நிம்மதியாக இறங்குவார்கள். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை பல நேரம் அந்த அமைதியான பட்டையில்தான் ஓடும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடுவது வீண், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையைவிட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது இதனால்தான்.

வயிறும் மாத்திரைப் பையும்

பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாமல் பயணத்தையே நாசமாக்கும் விஷயம் வயிறு. மூன்றாவது நாள் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், குடும்பமே அறைக்குள் முடங்கிவிடும்.

நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வீட்டிலிருந்தே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது அவசியமாகிவிட்டது. விடுதியில் கொதிக்கவைத்த தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். மலை உயரத்தில் தண்ணீர் தளதளவென்று மூன்று நிமிடம் கொதித்தால் கிருமிகள் அழிந்துவிடும். வெதுவெதுப்பாக்கித் தருவது கொதிக்கவைத்ததாகாது.

சாப்பாட்டில் நம் பாட்டிமார்கள் சொன்னதே சரி: சூடாக இருப்பதைச் சாப்பிடு. ஆவி பறக்கும் இட்லி, அப்போது வார்த்த தோசை, கொதிக்கும் சாம்பார், உரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவை எந்த ஊரிலும் நம்பகமானவை. வெட்டி வைத்த பழம், வெளியூர் ஐஸ், காலையிலிருந்து மேசையில் இருக்கும் தேங்காய்ச் சட்னி ஆகியவற்றை விட்டுவிடலாம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் மருந்து தேடி ஓடுவதற்கு முன், போன நீரையும் உப்பையும் திருப்பித் தர வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பொட்டலம் நான்கைந்தைப் பையில் போட்டுக்கொண்டால் எடையே தெரியாது. பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் போட்டு உத்தேசமாகக் கலக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டிய அளவில். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, அது மட்டும் போதாது. கடைகளில் அழகான டப்பாக்களில் ஓஆர்எஸ் என்ற பெயரோடு விற்ற இனிப்புப் பானங்கள் பல, அந்தக் கரைசலின் அளவில் இல்லாதவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவோடு பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, இந்த மூன்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை.

வளைவுப் பாதையில் வரும் வாந்திக்குக் காரணம் பித்தம் என்பார்கள். உண்மையில், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்று சொல்ல, செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசையாமல் இருக்கிறோம்’ என்று சொல்ல, இந்த முரண்பாட்டில் மூளை குழம்புவதே குமட்டலாக வருகிறது. வாந்தி எடுக்கும் பிள்ளையைப் பின்சீட்டில் படுக்கவைப்பதைவிட, வெளியே தொலைவில் இருக்கும் மலையைப் பார்க்கும்படி உட்காரவைத்துச் சன்னலைத் திறந்துவிடுவது பலன் தரும். மாத்திரை போடுவதாக இருந்தால் மலையடிவாரத்துக்கு வருமுன் அரை மணி நேரம் முன்பாகவே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

தினசரி மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குப் பயண நாட்களைவிட மூன்று நாள் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டும், அதுவும் கைப்பையில். மேலே கட்டிய பெட்டியில் இருந்தால் நள்ளிரவில் யார் அவிழ்ப்பது? மருந்துச் சீட்டைச் செல்போனில் படமெடுத்து வைத்தால் எந்த ஊர் மருந்துக் கடையிலும் பேசிக்கொள்ளலாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. மூடிய கார் அடுப்பு போலக் காயும், மருந்து வீரியம் இழக்கும். ஊர் சுற்றும் உற்சாகத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை நோயாளிக்குத் தாழ்சர்க்கரை வரும் என்பதால், அவர் சட்டைப் பையிலேயே நாலு மிட்டாய் இருக்கட்டும்.

காடும் அதற்குப் பிறகும்

குரங்கணி என்ற பெயர் தேனி மாவட்டத்துக்கு வெளியே தெரியவந்தது 2018 மார்ச் 11-ஆம் தேதி. மலையேற்றம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அந்தந்த வனப்பகுதியின் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். எந்தப் புல் காய்ந்திருக்கிறது, காற்று எப்பக்கம் திரும்புகிறது, யானை எந்த நேரத்தில் எந்த ஓடையைக் கடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அனுமதியில்லாத பாதைக்கு யாராவது ‘நான் கூட்டிப்போறேன்’ என்றால் போகக் கூடாது.

குரங்குக்குத் தீனி கொடுத்து விளையாடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. கடித்தாலோ நகம் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அருகிலிருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான், இலவசம். பயணம் முடிந்து ஊர் திரும்பினாலும் மீதி ஊசிகளை நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டு முடிக்கலாம். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

பயணம் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். படங்களையெல்லாம் உறவினர்களுக்கு அனுப்பி முடித்திருப்பார்கள். அப்போது ஒருவருக்குக் குளிர்காய்ச்சல் வரும், தலை பிளக்கும், உடம்பு அடித்துப்போட்டாற்போல வலிக்கும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டும் இறங்காது. மலையடிவாரப் புதர்களிலும் புல்வெளிகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உண்ணியின் குஞ்சு கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கருத்த பொருக்கு உண்டாகும். வலிக்காது. அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, மார்புக்குக் கீழோ இருப்பதால் நோயாளியே அதைப் பார்த்திருக்க மாட்டார். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை, பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும்.

மருத்துவமனை வரிசையில் நின்று உள்ளே போனதும் ‘எத்தனை நாளா காய்ச்சல்?’ என்று டாக்டர் கேட்பார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை காத்திருக்காமல், போன வாரத்துக்கு முந்தின வாரம் வால்பாறையில் புல்தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும்.